கயாக்கில் அமர்ந்து கொடுவாவும் பீகாக் பாஸும் பிடிக்க: சிங்கப்பூரில் தொடங்குவோருக்கான வழிகாட்டி

பிடோக் நீர்த்தேக்கக் கரையில் நின்று தூண்டில் வீசிய முதல் ஆண்டு முழுவதும், மீன் எப்போதும் என் வீச்சு எட்டும் தூரத்துக்குச் சற்று அப்பாலேயே துள்ளுவதாக எனக்குத் தோன்றியது. ஒரு கயாக், அதாவது துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு, இருந்தால் அந்த இடத்துக்குப் போய்விடலாம் என்று நினைத்து, வேறு எதையும் விசாரிக்காமல், பன்னிரண்டு அடி நீளமுள்ள பழைய கயாக் ஒன்றை 650 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கினேன். அது எங்கள் புளோக்கின் மின்தூக்கிக்குள் நுழையவில்லை. அதை நீர்த்தேக்கத்தில் இறக்கவும் முடியாது என்பது அடுத்த வாரம்தான் தெரியவந்தது. அதிலிருந்து ஒழுங்காக ஒரு மீனைப் பிடித்து விடுவிக்க எனக்கு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆயின. கீழே உள்ள வரிசையில் நீங்கள் நடந்தால் ஆறு வாரங்கள் போதும்.

எல்லாரும் முதலில் தூண்டில் கோலை வாங்குகிறார்கள், பிறகு படகை வாங்குகிறார்கள், கடைசியில்தான் எந்த நீரில் இறங்கலாம் என்று கேட்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. எந்த நீர், எந்த மீன் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

உங்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. அவை ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் படகும் கருவிகளும் ஆவணங்களும் வேறு வேறு.

முதலாவது, நமது நீர்த்தேக்கங்கள். இங்கே பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்துவைத்துள்ள கரைப் பகுதிகளில் மட்டுமே தூண்டில் போடலாம். லூர் எனப்படும் செயற்கை இரையை மட்டுமே பயன்படுத்தலாம். பிடோக், லோவர் செலேத்தார், மெக்ரிட்சி ஆகியவற்றில் இத்தகைய பகுதிகள் உள்ளன. எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அங்குள்ள அறிவிப்புப் பலகையே காட்டும். பலகைக்கு இருபது அடி தள்ளி நின்றாலும் அது விதிமீறல்தான், அபராதம் 3,000 வெள்ளி வரை போகலாம். சொந்தக் கயாக்கைக் கொண்டுவந்து நீர்த்தேக்கத்தில் இறக்க அனுமதி இல்லை. அனுமதி பெற்ற நீர்விளையாட்டு நிலையங்களின் வழியாகத்தான் அங்கே படகோட்ட முடியும். வாடகைக்குக் கயாக் கிடைத்துவிட்டது என்பதாலேயே அதில் அமர்ந்து தூண்டில் வீசலாம் என்று எண்ணிவிடாதீர்கள். படகோட்ட அனுமதி வேறு, மீன் பிடிக்க அனுமதி வேறு. நிலையத்துக்கு மின்னஞ்சல் எழுதி, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு போங்கள். தொலைபேசியில் ஒருவர் முடியும் என்றார், நேரில் போனபோது மற்றொருவர் முடியாது என்றார், எனக்கு ஒரு சனிக்கிழமையும் வாடகைப் பணமும் வீணாயின.

இரண்டாவது, கடல். சொந்தக் கயாக்கில் மீன் பிடிக்க விரும்பும் பெரும்பாலோர் இங்குதான் வந்து சேர்கிறார்கள். பாசிர் ரிஸ், சாங்கி, செம்பவாங், ஈஸ்ட் கோஸ்ட் ஆகிய கடற்கரைகளிலிருந்து கயாக்குகள் இறங்குவதை வார இறுதிகளில் நீங்களே பார்க்கலாம். இங்கே நமது மீன் கொடுவா. ஆங்கிலத்தில் இதை ஆசியக் கடல் பாஸ் என்பார்கள், மலாய்க்காரர்கள் சியாகாப் என்பார்கள். பெயர் எதுவானாலும் ஈரச் சந்தையில் நம் அம்மாக்கள் பேரம் பேசி வாங்கும் அதே கொடுவாதான்.

மூன்றாவது, கடற்பாலத்தைத் தாண்டி மலேசியா. நன்னீரில் கயாக்கில் அமர்ந்து பீகாக் பாஸ் என்ற வேட்டை மீனைப் பிடிக்கவேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் இந்த வழியே ஏற்றது. பேராக் மாநிலத்தின் பழைய ஈயச் சுரங்கக் குளங்கள் இந்த மீனுக்குப் பெயர் பெற்றவை.

என் கருத்து இதுதான்: வீசும் முறையை நீர்த்தேக்கக் கரையில் நின்று கற்றுக்கொள்ளுங்கள், படகோட்டுவதைக் கடலோரத்தில் கற்றுக்கொள்ளுங்கள், இரண்டும் கைவந்த பிறகு மலேசியா போங்கள்.

2. ஆவணங்கள்

சிங்கப்பூர்க் கேனோ சம்மேளனத்தின் ஒன் ஸ்டார் என்ற தொடக்கநிலைக் கயாக் சான்றிதழை முதலில் பெறுங்கள். பல வாடகை நிலையங்கள் இதைக் கேட்கின்றன. கேட்காவிட்டாலும் கவிழ்ந்த படகிலிருந்து வெளியேறுவதை ஒரு பயிற்றுநரின் கண்முன்னே செய்து பழக இதுவே மலிவான வழி. எனக்கு ஏறத்தாழ 90 வெள்ளி செலவாயிற்று. வார இறுதி வகுப்புகள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால் மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே பதிந்துவிடுங்கள்.

கடலுக்குப் போகும்போது அடையாள அட்டையை அல்லது வேலை அனுமதி அட்டையை நீர்புகாப் பையில் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஜோகூர் நீரிணையில் இரு நாட்டு எல்லையைக் காட்டும் கோடு எதுவும் நீரின்மேல் வரையப்பட்டிருக்கவில்லை. நீரோட்டமும் காற்றும் சேர்ந்தால் மீனில் கவனமாக இருக்கும் அரை மணி நேரத்தில் நீங்கள் வெகுதூரம் நகர்ந்திருப்பீர்கள். சோதனைச் சாவடி வழியாக அல்லாமல் அக்கரையில் கால் வைப்பது குடிநுழைவுக் குற்றம். வேலை அனுமதியில் இருப்பவருக்கு அதன் விளைவு அபராதத்தோடு நின்றுவிடாமல் பிழைப்பையே பாதிக்கக்கூடும். கைப்பேசியில் கடல் வரைபடச் செயலி ஒன்றை இறக்கி, எல்லையிலிருந்து நல்ல இடைவெளி விட்டு உங்களுக்கென ஓர் உள்கோட்டைக் குறித்துவைத்து, அதைத் தாண்டாமல் இருங்கள். புலாவ் தேக்கோங்கைச் சுற்றியுள்ள பகுதியும், தெற்கே புலாவ் சூடோங், செனாங், பாவாய் தீவுகளைச் சுற்றியுள்ள பகுதியும் ராணுவப் பயிற்சிக்கு உரியவை. அங்கே போகவே கூடாது. கடலோரக் காவல் படைப் படகு அருகே வந்தால் தூண்டிலைச் சுருட்டிவிட்டு, கைகள் தெரிய அமர்ந்து, கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

மலேசியப் பயணத்துக்கு ஆவணங்கள் கூடுதல். கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லத்தக்கதாக இருக்கவேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்கள் மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை நிரப்பத் தேவையில்லை. இந்தியக் கடப்பிதழில் வேலை அனுமதியில் இருக்கும் நண்பர்களோ, பயணத்துக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் அதை இணையத்தில் நிரப்பிவிட வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, எனவே கட்டணம் கேட்கும் இணையப்பக்கம் எதுவும் போலியே. இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் முப்பது நாள் வரை விசா விலக்கு நடப்பில் இருக்கிறது. அது காலவரம்புள்ள சலுகை என்பதால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் பதிவான காருக்கு மலேசிய வாகன நுழைவு அனுமதி வேண்டும். அதற்கான வில்லையைப் பெற்றுக் காரில் ஒட்டப் பல வாரங்கள் ஆகலாம், ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னதாக இதைத் தொடங்குங்கள். நாட்டை விட்டு வெளியேறும்போது பெட்ரோல் தொட்டியில் முக்கால் பங்காவது இருக்கவேண்டும் என்ற நம் விதியையும் மறக்கவேண்டாம். கூரைமேல் கட்டியுள்ள கயாக்குக்கும் தூண்டில் நூலைச் சுற்றும் விலையுயர்ந்த ரீல்களுக்கும் வாங்கிய ரசீதுகளைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்திருங்கள். திரும்பி வரும்போது அவை அங்கே வாங்கிய புதுப் பொருள்களா என்ற கேள்வி எழுந்தால் அந்தப் படங்கள் உதவும். மலேசியாவில் ஆறு, ஏரி மீன்பிடிப்பு மாநில அரசுகளின் கையில் இருப்பதால் ஒரு மாநிலத்தின் விதி அடுத்ததற்குப் பொருந்தாது. போகும் ஊரில் வாடகைப் படகு தருபவரிடமே கேட்டுத் தேவையான உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பயணத்தில் கயாக்கை இழுத்துக்கொண்டு போகாமல், கோல்களை மட்டும் எடுத்துச் சென்று அங்கேயே படகு வாடகைக்கு எடுப்பது நல்லது.

3. படகும் அதை வைக்கும் இடமும்

வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக, அடுக்குமாடி வீட்டில் வசிப்பவர்கள் கயாக்கின் விலையை விசாரிப்பதற்கு முன் அதன் நீளத்தை விசாரியுங்கள். மீன்பிடிப்புக் கயாக்குகள் பெரும்பாலும் பத்திலிருந்து பதின்மூன்று அடி நீளம், இருபத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து கிலோ எடை. இவற்றை மின்தூக்கியில் ஏற்ற முடியாது. படிக்கட்டின் திருப்பங்களில் ஏற்றுவதும் எளிதல்ல. தாழ்வாரத்தில் வைக்கலாம் என்று நினைத்தால், தீப்பாதுகாப்புக்காக அங்கே 1.2 மீட்டர் வழி தடையின்றி இருந்தாகவேண்டும். நகர மன்றத்தின் அறிவிப்பு ஒட்டப்பட்டபின் அவசரமாக இடம் தேடி அலைந்தவன் நான்.

எனவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். காற்றடைத்துப் பயன்படுத்தும் கயாக் பைக்குள் மடங்கிவிடும், வீட்டில் வைக்கலாம், மின்தூக்கியில் போகலாம். 300 முதல் 700 வெள்ளிக்குள் தரமானது கிடைக்கும். அதன் குறை, எடை குறைவாகவும் நீர்மட்டத்துக்கு மேல் உயரமாகவும் இருப்பதால் காற்று அதை எளிதில் தள்ளிவிடும். தூண்டில் முள் குத்தினால் ஓட்டை விழும் என்ற அச்சம் ஓரளவு மிகையானது. தடிப்பான அடுக்குகள் கொண்டவை நன்றாகவே தாங்குகின்றன. ஆனால் மீனின் முதுகு முள்ளும் சிப்பி ஒட்டிய பாறையும் வேறு விஷயம். மற்றொன்று, கடினமான பிளாஸ்டிக்கில் செய்த, மேலே அமரும் வகைக் கயாக். பழையது 400 வெள்ளியிலிருந்தும், மிதித்து ஓட்டும் வகை 1,500 வெள்ளிக்கு மேலும் கைமாறுகின்றன. இதை வாங்கினால் கடற்கரை அருகே மாத வாடகைக்கு வைப்பிடம் பார்த்தாகவேண்டும். நான் இப்போது மாதம் 60 வெள்ளி கொடுக்கிறேன். வைப்பிடம் உறுதியான பிறகே படகுக்கு முன்பணம் கொடுங்கள்.

பழைய படகை வாங்கும்போது அடிப்பகுதியைத் தலைகீழாகத் திருப்பி, இருக்கைக்குக் கீழே உள்ள வடிதுளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு அங்கேதான் தொடங்கும். இயன்றால் அரை மணி நேரம் நீரில் ஓட்டிப் பார்த்துவிட்டு, கரையில் நிமிர்த்தி உள்ளே நீர் குலுங்கும் ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள்.

மிதவை அங்கியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். முதுகுப்பக்கம் மெத்தை உயரத்தில் தொடங்கும், முன்பக்கம் பைகள் உள்ள மீன்பிடிப்பு வகை ஏறத்தாழ 100 முதல் 150 வெள்ளி. முதுகு முழுவதும் மெத்தை உள்ளது இருக்கையில் சாயும்போது உங்களை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும், பத்து நிமிடத்தில் கழற்றத் தோன்றும், கழற்றி வைத்த அங்கி யாரையும் காப்பாற்றியதில்லை.

4. தூண்டில் இல்லாமல் மூன்று முறை போங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போக எல்லாருக்கும் ஆசை வரும். தாண்டாதீர்கள். முதல் இரண்டு முறை துடுப்பும் மிதவை அங்கியும் மட்டும் எடுத்துச் சென்று, இடுப்பளவு நீரில் வேண்டுமென்றே கவிழ்ந்து, மீண்டும் ஏறப் பழகுங்கள். படகின் நடுவே பக்கவாட்டில் நின்று, கால்களை நீரின் மேற்பரப்புக்கு உதைத்து உயர்த்தி, வயிற்றை இருக்கையின்மேல் இழுத்துப் போட்டு, பிறகு புரண்டு அமரவேண்டும். கைகளால் மட்டும் இழுத்து ஏற முயன்றால் படகு மறுபடி உங்கள்மேல் கவிழும். ஆழமில்லாத இடத்தில் ஐந்து முறை தொடர்ந்து முடிந்தபின் கால் எட்டாத இடத்தில் நண்பரோடு செய்து பாருங்கள்.

மூன்றாம் முறை, பொருள்களையெல்லாம் கட்டிக்கொண்டு, முள் மாட்டாத கோலோடு போய்க் கவிழுங்கள். எது மிதக்கிறது, எது மூழ்குகிறது, எந்தக் கயிறு காலைச் சுற்றுகிறது என்று அன்றுதான் தெரியும். கோல், குறடு, மீனின் தாடையைக் கவ்விப் பிடிக்கும் மீன்பிடிக் கொக்கி, துடுப்பு ஆகிய ஒவ்வொன்றையும் படகோடு கயிற்றால் இணைக்கவேண்டும். ஆனால் எந்தக் கயிறும் உங்கள் உடலோடு இணையக்கூடாது. சிக்கினால் அறுக்க, அங்கியின் மார்புப் பையில் முனை மழுங்கிய சிறு கத்தி ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

5. கோல், ரீல், நூல்

அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துக் கருவி வாங்குவது இங்கே பலரும் செய்யும் தவறு. அங்கே அவர்கள் பிடிப்பது பெருவாய் பாஸ்; அடர்ந்த நீர்ச்செடிகளுக்குள் மெதுவாக இரையை நகர்த்தி, நிறுத்தி, காத்திருந்து பிடிக்கும் மீன் அது. பீகாக் பாஸ் பெயரில்தான் பாஸ், குடும்பத்தில் திலாப்பியாவின் உறவு. அதன் குணமும் வேறு, வாயின் வலிமையும் வேறு.

கயாக்கில் நீங்கள் நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே, கால் நீட்டி அமர்ந்திருப்பீர்கள். எனவே கோல் ஆறரை அடியிலிருந்து ஏழு அடிக்குள் இருக்கட்டும். அதைவிடக் குட்டையானால், மீன் படகின் முன்முனையைச் சுற்றிப் போகும்போது கோல் நுனி அந்தப் பக்கம் எட்டாது. ரீலுக்குக் கீழே உள்ள கைப்பிடி நீளமாக இருந்தால் ஒவ்வொரு வீச்சிலும் மிதவை அங்கியில் முட்டும், ஆகவே கடையிலேயே அங்கியை அணிந்து, தரையில் அமர்ந்து கோலைச் சுழற்றிப் பாருங்கள். கடைக்காரர் எப்படிப் பார்த்தாலும் பரவாயில்லை, 100 வெள்ளி உங்களுடையது.

தொடங்குவோருக்கு 2500 அல்லது 3000 அளவு சுழல் ரீல் போதும். பெய்ட்காஸ்டர் என்ற உருளை வகை ரீல் பிறகு வரட்டும். காற்றில் அது நூலைச் சிக்கலாக்கிவிட்டால் ஆடும் படகில் அமர்ந்து பிரிப்பது பெரும் பாடு. பின்னல் நூல் பிஇ 1.5 தடிமன், அதாவது ஏறத்தாழ 30 பவுண்டு இழுவையைத் தாங்குவது, 150 மீட்டர். அதன் முனையில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஃபுளோரோகார்பன் முன்நூல். பீகாக் பாஸுக்கு 25 அல்லது 30 பவுண்டு, கொடுவாவுக்கு 40 பவுண்டு. கொடுவாவின் செவுள் மூடி பிளேடு போன்ற கூர்மை உடையது, அது தலையை உலுக்கும்போது மெல்லிய முன்நூலை அறுத்துவிடும். என் முதல் கொடுவாவை நான் இழந்தது இப்படித்தான். அதே மூடி விரலையும் அறுக்கும் என்பதால் செவுளுக்குள் கை விட வேண்டாம்.

பின்னல் நூலையும் முன்நூலையும் இணைக்க எஃப்ஜி முடிச்சே சிறந்தது. ஆனால் அலையில் அமர்ந்து அதைக் கட்ட முடியாது. வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கட்டி எடுத்துச் செல்லுங்கள். நீரில் அறுந்தால் இரட்டை யூனி முடிச்சு போடுங்கள். இவ்விரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு போட வரும்வரை பழகுங்கள்.

என் முதல் முழுத் தொகுப்பு: கோல் 100, ரீல் 110, பின்னல் நூல் 30, முன்நூல் 14, குறடும் மீன்பிடிக் கொக்கியும் 45, லூர்கள் 70, ஆக 369 வெள்ளி. இதற்கு மேல் முதல் ஆண்டில் தேவைப்படவில்லை.

6. ஐந்தே லூர்கள்

பெரிய பெட்டி வேண்டாம். படகில் இடமில்லை, தேடும் நேரத்தில் படகு நகர்ந்துவிடும். தட்டையான சிறு பெட்டி ஒன்றில் இவற்றை வையுங்கள்: நீர்மேல் தெறித்து ஓசை எழுப்பும் ஏழெட்டு சென்டிமீட்டர் பாப்பர் ஒன்று, ஒன்பது சென்டிமீட்டர் அளவில் ஆழம் குறைவாக ஓடும், சிறுமீன் வடிவ மின்னோ ஒன்று, எடையுள்ள தலையில் முடிக்குஞ்சம் கட்டிய பத்து கிராம் பக்டெயில் ஜிக் ஒன்று, மூன்றரை அங்குல ரப்பர் மீன்கள் சிலவும் அவற்றுக்கான, முள் பதித்த எடைகளான ஜிக் தலைகளும், இழுக்கும்போது அதிரும் பதினைந்து கிராம் வைப்ரேஷன் ஒன்று. வெள்ளி நிறம் ஒன்றும் அடர்நிறம் ஒன்றும் இருந்தால் போதும். கடைச் சுவரில் தொங்கும் நூறு நிறங்களும் பெரும்பாலும் மனிதர்களைப் பிடிக்கத்தான்.

வாங்கிய உடனே செய்யவேண்டிய ஒன்று: மும்முட்களைக் கழற்றிவிட்டு, தடித்த ஒற்றை முட்களை மாட்டி, அவற்றின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மடியில் துள்ளும் மீனின் வாயில் ஆறு முனைகள் கொண்ட லூர் தொங்குவதைவிட ஆபத்தானது கயாக்கில் வேறில்லை. இன்னொரு காரணமும் உண்டு. பீகாக் பாஸ் மெல்லிய முள்ளை நிமிர்த்திவிடும் வலிமை உடையது. முள்ளை வெட்டக்கூடிய குறடு ஒன்று உங்களிடம் இருக்கட்டும். கையில் முள் ஏறினால் பிடுங்குவதைவிட வெட்டிவிட்டுக் கரைக்கு வருவதே நல்லது.

7. எப்போது போவது

பீகாக் பாஸ் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். காலை ஏழு மணிக்குச் சூரியன் எழுந்தபின் பத்து மணி வரை அதன் சுறுசுறுப்பான நேரம். இருட்டியபின் அதைத் தேடிப் பயனில்லை. கொடுவா நேர்மாறு. அந்தி, விடியல், நீர் நகரும் வேளை ஆகியவையே அதற்கு உகந்தவை. இருந்தாலும் இருட்டில் கயாக்கில் கடலில் இருப்பதை, அனுபவம் உள்ளவர் துணை இல்லாதவரை, நான் பரிந்துரைக்கமாட்டேன். விடியலுக்கு முன் இறங்குபவர்கள் வெண்ணிற ஒளி தரும் விளக்கை எட்டும் தூரத்தில் வைத்திருக்கவேண்டும் என்பது கடல்வழி விதி. இங்கே கப்பல்களும் வேகப்படகுகளும் போகும் பாதைகள் அருகில் இருப்பதால் விதி இல்லாவிட்டாலும் அது தேவை. கப்பல் வழித்தடங்களுக்குள் எந்த நேரத்திலும் போகாதீர்கள்.

கடலுக்கு ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து நாள் குறியுங்கள், வார இறுதி என்பதற்காக நாள் குறிக்காதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீரோட்டம் கடுமை. தொடங்குவோர் அவற்றுக்கு இடைப்பட்ட எட்டாம் பிறை நாள்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஏற்றம் தொடங்கும் முதல் இரண்டு மணி நேரத்தில் இறங்கினால் நீர் தேங்கிவிடாமலும் உங்களை அடித்துச் செல்லாமலும் இருக்கும். முழு வற்றில் கரை சேர்ந்தால் சேற்றில் நாற்பது கிலோவை இழுக்கவேண்டி வரும்.

வானிலையில் என்னை மிகவும் அச்சுறுத்துவது சுமத்ராப் புயற்காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரையான மாதங்களில், விடியலுக்கு முன்பும் காலையிலும், அதாவது நாம் நீரில் இருக்க விரும்பும் அதே நேரத்தில், மேற்கிலிருந்து கறுப்புச் சுவர்போல் எழுந்து வரும். காற்று மணிக்கு நாற்பது முதல் எண்பது கிலோமீட்டர் வரை வீசும். இறங்கும் முன் மழை ரேடாரைப் பாருங்கள். சுமத்ரா பக்கம் நீள்வரிசையாக மழைப் பட்டை தெரிந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம், பன்னிரண்டு மணிக்குள் கரை ஏறுங்கள். இடியோசை ஒன்று கேட்டதும் கார்பன் கோலைக் கீழே படுக்கவைத்துவிட்டு நேரே கரைக்கு வாருங்கள். ஒருமுறை பாசிர் ரிஸ்ஸில் நான் இன்னும் ஒரு வீச்சு என்று தயங்கி நின்றபோது, பக்கத்துக் கயாக்கில் இருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, மீன் நாளைக்கும் இருக்கும், வாங்க போகலாம்" என்று அழைத்துக்கொண்டே துடுப்பு போட்டார். நாங்கள் படகைக் கரையில் இழுத்து முடிப்பதற்குள் எதிர்க்கரை மறைந்துவிட்டது.

போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, அந்த நேரத்துக்கு அரை மணி கடந்தும் அழைப்பு வராவிட்டால் 999க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

8. நீரில்

காற்றை எதிர்த்து வெளியே போய், காற்றோடு மீன் பிடித்தபடி திரும்புங்கள். கை ஓயும் நேரத்தில் காற்று உங்களைக் கரைக்குத் தள்ளவேண்டும், கரையிலிருந்து விலக்கக்கூடாது. நகர்வு வேகமாக இருந்தால் சிறு நீர்க்குடையை, அதாவது படகு நகரும் வேகத்தைக் குறைக்கும் துணிக் கூம்பை, பின்முனையிலிருந்து விடுங்கள். விலை 20 வெள்ளிதான்.

நங்கூரத்தை எப்போதும் முன்முனையிலோ பின்முனையிலோதான் கட்டவேண்டும். கை எட்டும் இடம் என்பதற்காக இருக்கையின் பக்கவாட்டில் கட்டினால், ஓடும் நீர் படகின் விலாவை அழுத்திச் சில நொடிகளில் கவிழ்த்துவிடும். கப்பிக் கயிறு ஒன்றைப் படகின் நீளத்துக்கு ஓடவிட்டால் அமர்ந்த இடத்திலிருந்தே நங்கூர முனையை நகர்த்தலாம். அமைதியான நீரில் ஆழத்தைப்போல் மூன்று மடங்கும், ஓட்டமுள்ள நீரில் ஐந்து மடங்குக்கு மேலும் கயிறு விடவேண்டும். கயிற்றின் முனையில் மிதவை ஒன்றைக் கட்டி, ஒரே இழுப்பில் கழன்றுவிடும்படி வையுங்கள். ஓட்டம் கடுமையானால் நங்கூரத்தோடு போராடாமல் கழற்றிவிட்டுப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம்.

வீசுவதற்கு முன் பின்னால் திரும்பிப் பாருங்கள். தலைக்கு மேல் வீசுவதைவிடப் பக்கவாட்டில், மணிக்கட்டால் வீசுவது கயாக்குக்கு ஏற்றது. உங்கள் தொப்புள் படகின் நடுக்கோட்டுக்கு மேலேயே இருக்கட்டும். தலை விளிம்பைத் தாண்டினால் உடல் பின்தொடரும்.

பீகாக் பாஸை விழுந்த மரக்கிளை, பாறைப் படி, மிதவை மேடையின் நிழல் ஆகிய இடங்களில் தேடுங்கள். லூரை வேகமாக இழுங்கள். மீன் பின்தொடர்வது தெரிந்தால் நிறுத்தாதீர்கள், இன்னும் வேகப்படுத்துங்கள். தப்பியோடும் இரையைத்தான் அது அடிக்கும், நின்றுவிட்டால் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். கொடுவாவுக்கு இதை அப்படியே மாற்றுங்கள். தூண்கள், அலைதடுப்புக் கற்கள், சதுப்புநில மரங்களின் ஓரம் ஆகியவற்றில் நீரோட்டத்துக்கு மேற்பக்கமாக வீசி, இரண்டு சுற்று இழுத்து, இரண்டு நொடி நிறுத்துங்கள். அடி பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் விழும். சதுப்புநில ஓரங்களில் தேசியப் பூங்காக் கழகத்தின் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் அங்கிருந்து விலகிவிடுங்கள்.

ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு இறுக்கத்தில் நழுவவேண்டும் என்பதை அமைக்கும் பகுதியை, வீட்டிலேயே பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசால் மூன்று கிலோவுக்கு அமையுங்கள். 30 பவுண்டு நூலுக்குக் கால் பங்குக்குச் சற்றுக் குறைவான இந்த அளவு கரையில் குறைவாகத் தோன்றலாம். ஆனால் கயாக்கில் மீன் உங்களையும் சேர்த்தே இழுப்பதால், படகே ஒரு பிரேக்காக வேலை செய்கிறது. மீனைப் பக்கவாட்டில் ஓடவிடாமல் கோலை முன்முனை நோக்கித் தாழ்த்தினால் படகு மீனின் பக்கம் தானாகத் திரும்பும். மீன் அடியில் புகுந்தால் கோல் நுனியை நீருக்குள் ஆழ்த்தி முன்முனையைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவாருங்கள். நுனி படகின் விளிம்பில் பட்டு வளைந்தால் கோல் முறியும்.

மீன் அடங்கியபின், நீரிலிருந்து எடுப்பதற்கு முன்பே குறடையும் கேமராவையும் தயாராக வையுங்கள். கொக்கியால் கீழ்த்தாடையைப் பிடித்து, மற்றொரு கையால் வயிற்றைத் தாங்கி, முள்ளை எடுத்துவிட்டு, பத்து இருபது நொடிகளில் விடுங்கள். குஞ்சுகளைக் காக்கும் பீகாக் பாஸ் என்று தெரிந்தால் படமே எடுக்கவேண்டாம், காவல் இல்லாத சில நிமிடங்களில் மற்ற மீன்கள் குஞ்சுக் கூட்டத்தைத் தீர்த்துவிடும். கொடுவா ஆணாகவே வளர்ந்து, பெரிதானபின் பெண்ணாக மாறும் மீன். எனவே கறிக்கு எடுப்பதானால் நடுத்தர அளவு ஒன்று போதும், பெரியவற்றை விட்டுவிடுங்கள், அவைதாம் முட்டையிடுபவை. ஒரு நீர்நிலையில் பிடித்ததை உயிருடன் கொண்டுபோய் வேறொன்றில் விடாதீர்கள். தேசியப் பூங்காக் கழகம் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் செயல் அது.

9. கரை ஏறியபின்

உப்புநீரில் பயன்படுத்திய ரீலை அன்றைக்கே கழுவவேண்டும், மறுநாள் என்றால் தாமதம். டிராக்கை இறுக்கி, குழாய் நீரை மெல்லிய தூறலாக விட்டு, துடைத்து, பிறகு டிராக்கை முழுவதும் தளர்த்தி வையுங்கள். முன்நூலின் கடைசி ஒரு சாண் நீளத்தை விரல் நகத்தால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். வடிதுளைகளையும் மூடிகளையும் திறந்து படகை நிழலில் கவிழ்த்து வையுங்கள். வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் விரைவில் நொறுங்கும். ஏற்ற இறக்க நேரம், காற்றின் திசை, மீன் அடித்த இடம், லூர் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதிவைத்துவிட்டு, அடுத்த எட்டாம் பிறை எந்தத் தேதியில் வருகிறது என்று நாள்காட்டியைப் பாருங்கள்.